வெயிலுக்கு நேரே பிடித்த கிளாஸ்

என் ஆபீஸ் ஜன்னல் கட்டையில் ஒரு கண்ணாடி கிளாஸ் இருக்கிறது. டீக்கடையில் கொடுப்பார்களே, அடி தடித்து, பக்கமெல்லாம் கோடு கோடாக, அந்த மாதிரி கிளாஸ்தான். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் எனக்குக் கொடுத்த கேடயங்கள் வரிசையாக நிற்கின்றன. பித்தளையில் செய்த, ஆழ்கிணறு துளைக்கிற போர் லாரி பொம்மை ஒன்று, பெரிய மனிதர்கள் எனக்குச் சால்வை போடுகிற படங்கள், எல்லாம் இருக்கின்றன. வருகிறவன் அதையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் கேட்பான். "என்னண்ணே, எச்சிக் கிளாஸைக் கொண்டாந்து இங்கன வச்சிருக்கீங்க?" நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். காலையில் வெயில் அந்த ஜன்னலில் விழும்போது கிளாஸ் வழியாக மேஜை மேல் ஒரு வெளிச்ச வட்டம் விழும். அது நகர்ந்து போகிறவரைக்கும் நான் யாரோடும் பேசுவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவன் இல்லை. கை போர் போட்ட காலத்தில், நாலு பேர் கம்பைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவோம், அதில் கடைசி ஆளாகச் சேர்ந்தவன். இன்றைக்குத் திருமங்கலத்திலிருந்து அழகர்கோவில் அடிவாரம் வரைக்கும் என் லாரி போய் நிற்காத ஊர் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. யாரும் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. படித்த என்ஜினியர்கள் கருவியை வைத்துக்கொண்டு நிற்கும்போது, போரிலிருந்து மேலே பறக்கிற தூளின் நிறத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போனா தண்ணி" என்பேன். வரும். கண்ணை நம்பிப் பிழைத்தவன் நான். என்னைவிடக் கண்ணை அதிகமாக நம்பின ஒருவரைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். இந்தக் கிளாஸ் அவருடையது. அவருக்குப் பேர் உண்டு. ஆனால் நான் ஒரு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி என்றுதான் சொல்வேன். அவர் என்னைப் போர்க்காரரே என்பார்.

தொண்ணூறுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம் அவருக்கு முதல்முதலாகப் போர் போட்டுக் கொடுத்தேன். நகருக்குள் ஒரு சந்தில் இருந்த சாயப்பட்டறையை அவர் கீழக்குயில்குடி போகிற பக்கம் ஒரு காலி இடத்துக்கு மாற்றியிருந்தார். அங்கிருந்து பார்த்தால் சமணர் மலை தெரியும். வீட்டில் சௌராஷ்டிர பாஷை, வெளியில் என்னைவிட நல்ல மதுரைத் தமிழ். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதில் ஒரு பொட்டுக் கறை பார்க்க முடியாது. கையை மட்டும் என்ன தேய்த்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. நகக்கண்ணில் நீலம், ரேகையில் சிவப்பு. கோயிலில் விபூதி வாங்க நீட்டினால் குருக்கள் ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்ப்பாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் தொழிலில் நான் பார்த்து அசந்தது ஒன்றுதான். கொதிக்கிற தொட்டியில் துணியை முக்கினால் சாயம் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிக்குள் ஏறும். ஏற ஏறத் தண்ணீர் வெளிறும். எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. முதலாளி இந்தக் கிளாஸில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு வெளியே வருவார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். "தெளிஞ்சிருச்சு" என்பார். உடனே துணியை எடுப்பார்கள். ஒரு நாள் நான் கேட்டதற்கு, "தெளிஞ்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம், போர்க்காரரே. சாயம் போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சு. அப்புறம் தொட்டியில என்ன இருக்கு, வெறும் வெந்நி" என்றார். அப்பாவிடம் இருந்து வந்த பாடம். அப்பாவுக்கு அவர் அப்பாவிடம் இருந்து. அந்தப் பார்வை அவருக்கு ஒரு தடவைகூடத் தப்பினது இல்லை.

துணியை அலசுகிற தண்ணீர் மட்டும் சிவப்பாகத்தான் போகும். அதை எங்கே விடுவது? நான் போட்ட போர் ஓட ஆரம்பித்ததும் அந்த இடத்தில் இருந்த பழைய கிணறு வற்றிப் போயிருந்தது. மற்ற பட்டறைக்காரர்கள் வாய்க்காலில் திறந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது, இவர் பைசா செலவழித்து மண்குழாய் பதித்து அந்த வற்றின கிணற்றுக்குள் விட்டார். "மேல விட்டா கம்மாயில போய்ச் சேரும், ஆடு மாடு குடிக்கும், பாவம். மண்ணுக்குள்ள விட்டா மண்ணு வடிகட்டிரும்" என்றார். நல்ல மனசோடுதான் செய்தார். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

பட்டறைக்குக் கிழக்கே ஒரு தோட்டம். கத்தரி, கீரை, இரண்டு எருமை, ஒரு கிணறு, இவற்றை வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாளாகப் பிழைத்துக்கொண்டிருந்தார். புருஷன் இல்லை. முதலாளி அவரை அக்கா என்பார், நானும் அப்படியே. அந்த அம்மாள் கிணற்றுத் தண்ணீர் அந்த வட்டாரத்திலேயே பேர் பெற்றது. பட்டறை ஆட்கள் மத்தியானச் சோற்றுக்கு அங்கேதான் தண்ணீர் வாங்கிவருவார்கள். சில வருஷம் கழித்து ஒரு நாள், நான் மோட்டார் சரி பார்க்கப் போயிருந்தேன், அக்கா ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. குடத்தை இறக்கி வைத்தார். உள்ளே தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது.

"மொதலாளி, ஒங்க சேலை எதையோ எங்க கெணத்துல ஊறப்போட்டு மறந்துட்டீக போல. வந்து பிழிஞ்சு எடுத்துட்டுப் போங்க."

வேலையாட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். முதலாளி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். வேறு ஆளாக இருந்தால், என்னுடையது இல்லை, பக்கத்துப் பட்டறைக்காரன் விட்டது, போய்க் கோர்ட்டில் பார் என்றிருப்பான். அப்படிச் சொன்னவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முதலாளி உள்ளே போய்க் கிளாஸை எடுத்துவந்தார். குடத்தில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பெற்ற பிள்ளையை ஊரான் வீட்டில் கட்டிவைத்திருக்கும்போது பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "இது என் செவப்புத்தான்க்கா" என்றார்.

அக்கா குடத்தை அங்கேயே கவிழ்த்துக் கொட்டிவிட்டு வெறுங்குடத்தோடு போனார். மறுநாள் அவர் கிணற்று வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார். எருமைகளை விற்றுவிட்டார். குடிக்கத் தண்ணீருக்கு ஊருக்குள் இருக்கும் தெருக்குழாய்க்குப் போக வேண்டும். வழி பட்டறை வாசல் வழியாகத்தான். தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகத் தினமும் காலையில் அவர் போவதும் வருவதும் முதலாளிக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட முதலாளி தாங்கியிருப்பார். அக்கா திட்டவில்லை. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. முதலாளி அந்த வாரமே தொட்டி அடுப்பை அணைத்தார். "அந்தம்மா அந்தக் கெணத்துல மறுபடி வாளி விடணும், போர்க்காரரே. நான் கண்ணை மூடுறதுக்குள்ள அதைப் பார்த்துரணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அதற்கப்புறம் அவர் வாழ்ந்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் அவர் நினைத்தது, நானும் நினைத்தது, கெட்ட தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்பது. ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் அதைத் தடுத்தார். காலேஜில் பாடம் சொல்லிக்கொடுப்பவர், ஒல்லியான மனிதர், சத்தமே வராத ஒரு மொபெட்டில் வருவார். முதலாளி அவர் வீட்டு வாசலில் போய் நின்று நின்று கூட்டிவந்தார். "இறைச்சு எங்க ஊத்துவீங்க? இன்னொருத்தர் தலையிலயா?" என்று வாத்தியார் கேட்டார். "மண்ணுக்குள்ள எங்க கெடக்கோ அங்கயே வச்சுத்தான் அதைக் கொல்லணும். சாயம் தானா சாகாது. மக்காது. ஆனா இரும்பைத் தொட்டா உடையும்" என்றார்.

அங்கேதான் என் வேலை வந்தது. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தண்ணீர் எடுக்கத்தான் எல்லோரும் ஓட்டை போட்டார்கள். மண்ணுக்குள் மருந்து வைக்க ஓட்டை போட்டவனை நான் கேள்விப்பட்டதில்லை. முதலில் வற்றின கிணற்றின் அடியில் வண்டலாகக் கிடந்த சாயச் சேற்றை அள்ளி, சிமென்ட் தொட்டி கட்டி அதில் அடைத்து மூடினோம். பிறகு வாத்தியார் உப்பைக் கரைத்து ஊற்றி, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, பட்டறைக்கும் அக்கா தோட்டத்துக்கும் நடுவே சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு முழுக்க, பல்வரிசை மாதிரி நெருக்கி, பாறையைத் தொடுகிறவரைக்கும் போர் போட்டேன். இவ்வளவு நெருக்கத்தில் போட்டால் ஒன்றில் இறக்கும்போது பக்கத்துப் போர் சரியும். என் ஓட்டை ஒன்றுகூடச் சரியவில்லை. அந்த ஓட்டைகளுக்குள் இரும்புத் துருவலும் பெருமணலும் கலந்து கொட்ட வேண்டும். ஊறிவரும் நீர் இரும்பைத் தொடாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

துருவல் லேத் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. ஆனால் அத்தனையும் எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெயோடு போட்டால் தண்ணீர் இரும்பைத் தொடாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். முதலாளிதான் வழி கண்டுபிடித்தார். அணைத்த தொட்டி அடுப்பை மறுபடி பற்றவைத்தார். துணி முக்கின தொட்டியில் சலவைச் சோடாவைப் போட்டு இரும்பைக் கொதிக்கவைத்து அலசினோம். பழைய ஆட்கள் இரண்டு பேர் கூலியில்லாமல் வந்து துடுப்புப் போட்டார்கள்.

"மொதலாளி, இரும்புக்கு என்ன கலரு குடுக்கணும்?"

"துருக் கலருடா. நம்ம கை படவே வேணாம், அதுவே ஏத்திக்கும்."

அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டின் ஒரு பகுதியை விற்றுத்தான் இதையெல்லாம் செய்தார். அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

அக்கா தோட்டத்து வேலியோரம் பார்வைக்காக ஒரு குழாய் இறக்கியிருந்தேன். முதலாளி தினமும் அதில் சின்ன வாளியை விட்டு எடுத்துக் கிளாஸில் ஊற்றிப் பார்ப்பார். வெகுநாள் சிவப்பு. பிறகு ரோஸ். பிறகு வைக்கோல் நிறம். ஒரு காலையில் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய் இறங்கும்போது அவர் வேலியோரம் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிளாஸுக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி, அதன் வழியாகச் சமணர் மலை இடம் வலம் மாறித் தெரிந்தது. "தெளிஞ்சிருச்சு, போர்க்காரரே! அக்கா! அக்கா! தெளிஞ்சிருச்சுக்கா!" என்று வேலிக்கு மேலே கத்தினார். மழையை நம்பிப் போட்ட கத்தரிப் பாத்தியில் குனிந்திருந்த அக்கா நிமிர்ந்தார். "வாத்தியாரு வந்து சொல்லட்டும் மொதலாளி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

வாத்தியார் வந்தார். சந்தோஷப்பட்டார், ஆனால் பாதிதான். நிறம் போனதென்றால் சாயம் உடைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றார். உடைந்த துண்டுகள் தண்ணீரில்தான் கிடக்கின்றன, அவற்றுக்கு நிறம் கிடையாது, முழுசாக இருந்ததைவிட அவைதான் மோசம், இரண்டாவதாக ஒரு மருந்து போட்டு அவற்றையும் கருக்கினால்தான் வேலை முடியும் என்றார். மருந்தின் பேரைச் சொன்னதும் முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெராக்சைடு. அவர் பட்டறையில் காடாத் துணியை வெளுக்க டிரம் டிரம்மாக வைத்திருந்த அதே சரக்கு.

"வெளுப்பு மருந்தா? வெள்ளைத் துணிய எவனாச்சும் வெளுப்பானா சார்?"

"உடைஞ்ச கண்ணாடி தண்ணிக்குள்ள கெடந்தா கண்ணுக்குத் தெரியுமா மொதலாளி? காலை வச்சாத்தான தெரியும்."

முதலாளி தலையாட்டினார். மரியாதைக்குத் தலையாட்டினார். வாத்தியாரின் மொபெட் போனதும் என் பக்கம் திரும்பி, "படிச்சவரு, பயப்படுறாரு" என்றார். வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு சாட்சியை நம்பி வந்தவர். தொட்டி தெளிந்தால் வேலை முடிந்தது. அது துணி குடித்துத் தெளிந்த தண்ணீர். இது இரும்பு உடைத்துத் தெளிந்த தண்ணீர். இரண்டும் கிளாஸில் ஒன்றுபோலத்தான் இருந்தன. இந்த வித்தியாசத்தை அவருக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். சாயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன் வாத்தியார் சொன்னதை அப்படியே கேட்டிருப்பான். தெரிந்தவர் என்பதால்தான் அவர் கேட்கவில்லை.

ஆகவே இரண்டாவது மருந்து தள்ளிப்போனது. தீபாவளி போகட்டும் என்றார், மழை நிற்கட்டும் என்றார். அதற்குள் அவர் வேறொன்று ஆரம்பித்திருந்தார். அது எனக்குத் தெரியவே வெகுநாள் ஆயிற்று. காலையில் அக்கா குடங்களோடு தெருக்குழாய்க்குப் புறப்படும் நேரம், முதலாளி வேலியோரம் போய் நிற்பார். பார்வைக் குழாயில் மொண்ட தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி வெயிலுக்குக் காட்டுவார். அக்கா பார்க்கிறாரோ இல்லையோ, கடகடவென்று குடித்துவிட்டு, வெறுங்கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவார். தினமும்.

ஒரு நாள் நேரில் பார்த்துவிட்டு நான் கத்தினேன். "என்ன மொதலாளி, வாத்தியாரு அம்புட்டு சொல்லியும் இப்பிடிப் பண்றீங்க?"

"அந்தம்மாவுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி நான் குடிச்சுப் பார்க்க வேணாமா, போர்க்காரரே? கொழம்பு வச்சவ உப்புப் பார்க்க மாட்டாளா?"

வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, குடிக்காதீர்கள் என்று கேட்டார். அன்றைக்குச் சரி என்றார். மறுநாளும் குடித்தார்.

கடைசியில் அக்காதான் நிறுத்தினார். குடங்களைப் பாதையில் இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் வந்தார். அத்தனை காலத்தில் அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். "எதுக்கு மொதலாளி தெனமும் என் கண்ணு முன்னாடி நின்னு குடிக்கிறீக? நான் ஒங்களைச் சாகவா சொன்னேன்? அந்த வாத்தியாரு சொல்ற மருந்தைப் போடுங்க. அவரு சரின்னு சொன்னா அன்னைக்கே முள்ளைப் பிரிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க அதைத் தொடக் கூடாது. இது என் வீட்டுத் தண்ணி." முதலாளி கிளாஸைக் கவிழ்த்துத் தரையில் ஊற்றினார். அன்று சாயங்காலமே எனக்கு ஆள் வந்தது, லாரியைக் கொண்டுவாருங்கள் என்று.

இரண்டாவது வரிசை போர்களில் வாத்தியார் சொன்ன அளவில் மருந்தை இறக்கினோம். குழாய்க்குள் கொதிக்கிற மாதிரி சத்தம், வாயில் ஆவி. முதலாளி தன் கையாலேயே ஊற்றுவேன் என்று அடம்பிடித்தார். ஒரு சொட்டுத் தெறித்து அவர் விரல் நுனி சுண்ணாம்பு வெள்ளையாகிவிட்டது. "பாருங்க, இந்தக் கையும் வெளுத்துருச்சு" என்று எல்லோரிடமும் காட்டினார். அன்றைக்குத்தான், ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, குழாய்கள் மேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒரு விசயம், போர்க்காரரே. வீட்டுல சொல்லிராதீங்க. ஒண்ணுக்குச் செவப்பாப் போகுது."

"எம்புட்டு நாளா?"

"வரும், போகும். வலியெல்லாம் கெடையாது. உள்ள போன சாயம் வெளிய வருதுன்னு நெனைக்கிறேன். இப்பப் பத்து நாளா ஒண்ணுமில்ல. தெளிஞ்சிருச்சு."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். டாக்டரிடம் போவோம் என்றேன். "தெளிஞ்சிருச்சுங்கிறேன், எதுக்கு டாக்டரு?" என்றார். ஒவ்வொரு தடவை நான் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தும்போதும் அதே பதில்தான். அந்த நோய்க்கு அப்படி ஒரு குணம் உண்டாம். வரும், நிற்கும், நின்றுவிட்டதென்று ஆளை ஏமாற்றும். வேறு யாராக இருந்தாலும் முதல் சிவப்பிலேயே பயந்து ஓடியிருப்பார்கள். சிவப்பைப் பார்த்தால் முதலாளிக்குப் பயமில்லை. அது வெளிறுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். இரண்டு தடவை தண்ணீர் அவரிடம் பொய் சொன்னது. இரண்டு தடவையும் ஒரே பொய்.

கால் வீங்கின பிறகு, கேட்காமலே தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனேன். மூத்திரப்பையில் கட்டி, வெளியேயும் பரவிவிட்டது என்றார் பெரிய டாக்டர். என்ன தொழில் என்று அவர் கேட்கவே இல்லை. கையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். சாயத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருவதுதான், பல வருஷமாக உள்ளே போனது என்றார். முதலாளியின் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரோடு அவர்கள் பாஷையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் பழகியும் அந்தப் பாஷை எனக்கு வரவில்லை. தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை மட்டும் தெரியும். அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

வாத்தியாரிடம் தனியாகக் கேட்டேன், அவர் குடித்தாரே, அந்தத் தண்ணீரால்தானா என்று. "ஒரு வருசத் தண்ணி செய்யிற வேலை இல்லண்ணே இது. சின்ன வயசுலேர்ந்து தொட்டியில நின்னது" என்றார். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்று, "ஆனா அதை அவர் குடிச்சிருக்கக் கூடாது" என்றார்.

அந்த வருஷம் மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. தை மாதம் வாத்தியார் அக்கா கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார். சாயமும் இல்லை, அதன் துண்டுகளும் இல்லை. உப்பு மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது, இன்னும் இரண்டு மழை அடித்தால் அதுவும் குறையும், குடிக்கலாம் என்றார். அக்கா வாக்குக் கொடுத்தபடி அன்றைக்கே முள்ளைப் பிரித்தார். நான்தான் அரிவாளைப் பிடித்துக்கொண்டு கூட நின்றேன். வாளி உள்ளே போய்த் தண்ணீரில் விழுந்த சத்தத்தைக் கேட்டதும் அக்கா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். "இதை அவருல்ல கேட்டிருக்கணும்" என்றார்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் ஒரு குடம் தண்ணீரோடு முதலாளி வீட்டுக்கு வந்தார். கண்டக்டரிடம் சண்டை போட்டு, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு. முதலாளி கட்டிலில் பாதியாகக் கிடந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கேட்டது கிளாஸைத்தான். அக்கா குடத்தைச் சாய்த்து ஊற்றினார். முதலாளி ஜன்னல் பக்கம் கிளாஸைத் தூக்கினார். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நாங்கள் எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அவர் சொல்லவில்லை. கிளாஸை இறக்காமலே என்னைப் பார்த்து, "வாத்தியாரு என்ன சொன்னாரு?" என்றார்.

"நல்லாருக்குன்னுட்டாரு, மொதலாளி. ரெண்டு தடவை பார்த்துட்டாரு."

"நெசமாவா?"

அக்கா அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கினார். நின்றபடியே முழுக்கக் குடித்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். வேலியோரம் முதலாளி தினமும் காட்டின மாதிரியே. "லேசா உப்புக் கரிக்குது, மொதலாளி. இருக்கட்டும். நம்ம கெணத்துத் தண்ணி" என்றார். முதலாளி துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். துண்டு மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. நான் வெளியே வந்து சந்தில் நின்றேன்.

அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் அவர் போனார். ஊரே ஆற்றுப் பக்கம் இருந்தது. நாங்கள் அவரைக் கொண்டுபோகும்போது, தோல்பையில் தண்ணீர் வைத்துப் பீய்ச்சிக்கொண்டு ஒரு கூட்டம் எதிரே ஆடிக்கொண்டு வந்தது. வண்டியைப் பார்த்ததும் பையைத் தாழ்த்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார்கள். ஈரத் தெருவில் அவர் போனார். காரியம் முடிந்த அன்று அவர் மனைவி இந்தக் கிளாஸை ஒரு சுங்குடித் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்றார்.

பட்டறை இருந்த இடம் இன்று பிளாட் போட்டு வீடுகளாகிவிட்டது. அங்கே குடியிருப்பவர்களுக்குத் தங்கள் வாசலுக்குக் கீழே நான் வைத்த இரும்பு துருவேறிக் கிடப்பது தெரியாது. அக்கா கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. இப்போதும் எப்போதாவது எனக்கு ஒரு பை கத்தரிக்காய் வரும். வாத்தியார் ரிட்டயர் ஆகிவிட்டார். நான் மட்டும் இன்னும் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் புதுப் போரில் முதல் தண்ணீர் வந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு, நல்ல தண்ணி என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவேன். நான் சொன்னால் ஊர் நம்பும். இப்போது பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பதில் வருகிறவரைக்கும் வாயைத் திறப்பதில்லை. "அண்ணனுக்கு வயசாயிருச்சு, நாக்கு செத்துருச்சு" என்று என் டிரைவர்களே பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

இன்று காலை வெயில் ஜன்னலுக்கு வந்தபோது கிளாஸை எடுத்தேன். மெஷினில் சுத்தம் செய்த தண்ணீரைப் பிடித்து, அவர் செய்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலுக்கு நேரே தூக்கினேன். அந்தப் பக்கம் வாசலில் நிற்கிற என் லாரிகள் தெரிந்தன. வேப்பமரம் தெரிந்தது. ரோட்டில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள் தெரிந்தார்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.